எண்பதைத் தாண்ட வேண்டாம்

மன்னார்குடி பஸ்ஸிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் பைபாஸ் ஓரமாக ஒரு கார்ச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார். டயரோடு சேர்ந்த முழுச் சக்கரம். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, தலையில் தொப்பி. சக்கரத்தின் முகப்பில் கீறல் விழுந்துவிடக் கூடாது என்று ஒரு பூப்போட்ட துண்டை அதன்மேல் இழுத்துக் கட்டியிருந்தார்.

ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த ஒரு முற்பகல். சர்வீஸ் ரோடு முழுக்கத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒவ்வொரு குட்டைக்கும் நின்று, எந்தப் பக்கம் போவது என்று பார்த்து, சுற்றிக்கொண்டு வந்தார். நான் கடை வாசலில் நின்று டீயை ஆற்றிக்கொண்டே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து சேர்வதற்குள் டீ முடிந்துவிட்டது.

"தம்பி, அலாய் நிமித்துறது இங்கதானே?"

"இங்கதான். உள்ள வாங்க பாய். உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. "தரையில அப்படியே போட்டுடாதீங்க. கீழ எதுனா விரிங்க," என்றார். ஒரு சாக்கை விரித்தேன். சக்கரத்தைப் படுக்க வைத்தபிறகு துண்டை அவிழ்த்து, உதறி, நான்காக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

எங்கள் பக்கம் ஓடும் வண்டிகளின் சக்கரங்கள் எல்லாம் எனக்கு முகம் தெரியும். இது வெளியூர் முகம். பெரிய விட்டம், கருஞ்சாம்பல் நிறம், மெல்லிய பத்துக் கைகள். ரப்பர் இரண்டு விரல் உயரத்துக்குத்தான் இருந்தது.

"ரெண்டு சீட்டு வண்டி தம்பி. மகனோடது," என்றார்.

திருப்பிப் போட்டுக் காட்டினார். உட்பக்க விளிம்பு உள்ளங்கை நீளத்துக்கு மடங்கியிருந்தது, சப்பாத்தி ஓரத்தைக் கையால் மடித்துவிட்டதைப் போல.

"எப்ப வேணும் பாய்?"

"வெள்ளிக்கிழமை மகன் துபாய்லேருந்து வர்றான். அதுக்குள்ள மாட்டிடணும். வண்டி செங்கல் மேல நிக்கிது." தோளில் இருந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். "அவனுக்குத் தெரியக் கூடாது."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

ஒரு வாபஸ்

இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களில், விரிசல் விட்ட சக்கரத்தில் நான் கை வைக்க மாட்டேன், எப்பேர்ப்பட்ட ஆள் வந்து நின்றாலும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மார்தட்டி எழுதியிருந்தேன். நாகப்பட்டினத்து வாசகர் ஒருவர் அதைப் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டார். அதை இந்த வாரம் வாபஸ் வாங்குகிறேன். அந்தக் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. 

இந்த வாரம் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் பைபாஸில் கார்களின் அலாய் சக்கரங்களைச் சரிசெய்யும் கடை வைத்திருக்கிறேன். என் அப்பா காலம் வரை எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள், கதிர் அறுத்தவர்கள். அண்ணன் இப்போது சொந்தமாக இரண்டு ஏக்கர் பார்க்கிறான். நான் ஐ.டி.ஐ. முடித்து, கோயம்புத்தூரில் ஒரு சக்கரக் கடையில் எட்டு வருடம் வேலை பழகி, ஊருக்குத் திரும்பி இதை ஆரம்பித்தேன். தஞ்சாவூரில் இதற்கெல்லாம் ஒரு கடையா என்று சிரித்தவர்கள் உண்டு. அவர்கள் யாரும் எங்கள் சாலைகளில் கார் ஓட்டிப் பார்க்காதவர்கள்.

இரும்பு ரிம் சாது. அடித்தால் வளையும், திருப்பி அடித்தால் நிமிரும். அலாய் அப்படி இல்லை. ஓர் அளவு வரை வளைந்து கொடுக்கும், அதைத் தாண்டினால் விரிசல் விட்டுவிடும். வளைவை நிமிர்த்தலாம், தப்பில்லை. விரிசலை ஒட்டக் கூடாது. ஒட்டினால் ஒட்டிய இடம் கெட்டியாகிவிடும், சூடுபட்ட பக்கத்து இடம் வலுவிழந்துவிடும். பிறகு என்றைக்கு எங்கே விடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

நெல்லும் கல்லும்

பெரியவர் பெயர் ஹாஜா மைதீன். ஊர் கூத்தாநல்லூர். குவைத்தில் ஓர் அரபி வீட்டில் இருபத்திரண்டு வருடம் டிரைவராக இருந்தவர். ஒரே மகன் ரியாஸ், துபாயில் நல்ல வேலை. இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் ஒருவரிடமிருந்து இந்தக் காரைப் பழையதாக வாங்கி, ஊர் வீட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனவர். வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வரும்போது ஓட்டுவார். மீதிப் பதினொரு மாதமும் வண்டி உறை போட்டுக்கொண்டு தூங்கும்.

அப்பாவுக்கு விட்டுப்போன வேலை ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை போய்த் திரும்ப வேண்டும்.

"பேட்டரி செத்துடும்ல தம்பி. அதுக்காக," என்றார். "ஒரு நாள் தெருமுனையத் தாண்டிட்டேன். திருவாரூர் ரோடு காலியாக் கெடந்துச்சு."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர் வண்டியை, மற்றவர் சொன்ன இடத்துக்கு, மற்றவர் சொன்ன நேரத்துக்கு ஓட்டிய மனிதர். அன்றைக்குத்தான் அவர் எங்கும் போகவேண்டிய அவசியம் இல்லாமல் ஓட்டியிருக்கிறார். திருவாரூர் வரை போய், தேரடிப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, மக்ரிப் தொழுகைக்கு முன்னால் வீடு வந்துவிடலாம் என்று திரும்பியிருக்கிறார்.

குறுவை அறுப்பு நேரத்தில் எங்கள் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈரம் இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டால் நெல்லை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வெயில் அடிக்கிற நான்கு மணி நேரத்துக்குத் தார்ச்சாலைதான் களம். பாதிச் சாலையை அடைத்து நெல்லைப் பரப்பிவிட்டு, வண்டிகள் ஏறாமல் இருக்க வரிசையாகக் கல்லை வைத்துவிடுவோம். சாயங்காலம் நெல்லைக் குவித்து அள்ளுவோம். கல்லை அள்ள மாட்டோம். நாளைக்கும் வேண்டுமே என்று ஓரமாக விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம்.

அடுத்தவர்கள் செய்வதைப் போல எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. என் அண்ணனும் அப்படித்தான் செய்கிறான். பள்ளிக்கூட நாளில் நானே கல் தூக்கிவந்து வைத்திருக்கிறேன்.

பாய் வந்தபோது நெல் இல்லை, கல் மட்டும் இருந்திருக்கிறது. பொழுது மங்கிவிட்டது. கடைசி நேரத்தில் பார்த்து ஒடித்ததில் முன்சக்கரம் தப்பிவிட்டது. பின்பக்க இடது சக்கரம் ஏறி இறங்கிவிட்டது.

"மகன்கிட்டச் சொல்லிட்டா என்ன பாய்? கடிச்சா தின்னுடப் போறாரு?" என்றேன்.

அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இருபத்திரண்டு வருஷம் ஓட்டினேன் தம்பி. ஒரு கீறல் கெடையாது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவனை வளத்தேன். தெருமுனையத் தாண்டாதீங்க அத்தா, அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனான். அதை நான் கேக்கல. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?"

எழுபதை நெருங்கும் ஒருவர் பெற்ற பிள்ளைக்குப் பயந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

சாக்பீஸ் பொடி

டயரைக் கழற்றினேன். மடங்கிய இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவி, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவினேன். விரிசல் இல்லையென்றால் பொடி வெள்ளையாகவே இருக்கும். இருந்தால் உள்ளே போன எண்ணெய் ஊறி வெளியே வந்து கோடு போடும்.

கோடு வந்தது. மூன்று விரல் நீளம்.

"இது செத்த சக்கரம் பாய்," என்றேன்.

சென்னைக்குப் போன் போட்டேன். அந்த மாடல் சக்கரம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அதே அளவில் வேறு கம்பெனிச் சக்கரம் கிடைத்தது. ஆனால் கைகள் ஐந்து. ரியாஸ் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

பாய் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்கு எரிச்சல் வந்து அனுப்பியிருப்பேன். அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டிவிட்டு, "ஒட்ட முடியுமா முடியாதா, அதை மட்டும் சொல்லுங்க," என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "முடியும். ஆனா செய்யக் கூடாது," என்றேன்.

அந்த 'முடியும்' எங்கிருந்து வந்தது என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். இரக்கத்தில் சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. இரக்கமும் இருந்தது. அதைவிடக் கர்வம் கூடுதலாக இருந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் இதை ஒட்டத் தெரிந்த கை என் கை ஒன்றுதான் என்ற நினைப்பு.

அதற்குச் சில மாதங்களுக்கு முன் சுவாமிமலையிலிருந்து ஒரு ஸ்தபதி தன் காரைக் கொண்டுவந்திருந்தார். வேலை முடியும்வரை சும்மா இருக்காமல் கடையில் உள்ள எல்லாவற்றையும் தட்டித் தட்டிப் பார்த்தார். மூலையில் கிடந்த விரிசல் சக்கரங்களைக் காட்டி, இவற்றை என்ன செய்வீர்கள் என்றார். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடுவேன் என்றேன். "நல்லது. எங்ககிட்ட வார்ப்புல விரிசல் விழுந்தா ஒட்டுறதில்ல. திரும்ப உருக்கிடுவோம். சாமியா இருந்தாலும் அப்படித்தான்," என்றார். அவருக்குச் சரியாக வேலை செய்து கொடுத்து, அந்தப் பேச்சைப் பத்துப் பேரிடம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். பேச்சுக்கு உதவியது, புத்தியில் ஏறவில்லை.

லுஹர் தொழுகை நேரத்தில் பாய் எழுந்து, மேற்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். கடைக்குப் பின்னால் கம்ப்ரசர் அறையில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். தொழுதுவிட்டு வந்தவர் மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எதிரே இரண்டு கார்களின் வேலையை முடித்தேன். மூன்றாவதாக அவர் சக்கரத்தை எடுத்தேன்.

மெல்லச் சூடு காட்டி, ஜாக்கி வைத்து அழுத்தி விளிம்பை நிமிர்த்தினேன். விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் ஒட்டினேன். தேய்த்து, பட்டி பார்த்து, நிறம் கலந்து அடித்தேன். சாயங்காலம் வெளிச்சத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எந்த இடம் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. இன்று நினைத்தால் அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் எனக்கு அதிக வெறுப்பு.

"பாய், நல்லா கேட்டுக்குங்க. புதுச் சக்கரத்துக்கு இன்னிக்கே சொல்லிடறேன். அது வந்ததும் இதைக் கழட்டிப் போட்டுடணும். அதுவரைக்கும் எண்பதைத் தாண்ட வேண்டாம்."

"எண்பது," என்றார். பிறகு இன்னொரு முறை, தனக்குத்தானே, "எண்பது."

"மகன்கிட்டச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் தம்பி."

அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். துண்டைக் கட்டி, ஆட்டோவில் தூக்கி வைத்து அனுப்பினேன்.

தெரியாதவர்கள் மாதிரி

பத்து நாள் இருக்கும். கடை வாசலில் தாழ்வாக ஒரு கருநீல வண்டி வந்து நின்றது. இந்தப் பக்கம் ரியாஸ் இறங்கினார். முப்பது முப்பத்திரண்டு வயது, சிரித்த முகம். அந்தப் பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தாழ்ந்த இருக்கையிலிருந்து மெதுவாக எழுந்து பாய் இறங்கினார்.

என்னை முன்பின் பார்த்திராதவர் போலப் பார்த்தார். "அலாயெல்லாம் பாப்பீங்களா தம்பி?" என்றார்.

"பாப்போங்க," என்றேன்.

"அண்ணே, தொண்ணூறுக்கு மேல போனா சீட்டுக்கு அடியில ஒரு ஆட்டம் தெரியுது," என்றார் ரியாஸ். "வந்த மறுநாள் தனியா எடுத்துட்டுப் போனேன், அன்னிக்குத்தான் கவனிச்சேன். அத்தாதான் தஞ்சாவூர்ல ஒரு நல்ல கடை இருக்காம்னாங்க."

சக்கரங்களைக் கழற்றி மிஷினில் போட்டுப் பார்த்தேன். ஒட்டிய சக்கரத்தில் சிறிய ஏற்ற இறக்கம் இருந்தது. ஈயத்துண்டு ஒட்டிச் சரிசெய்தேன். உட்பக்கம் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பெயிண்ட் அப்படியே இருந்தது. பெயிண்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது விளக்கு வெளிச்சத்தில் தெரியாது.

ரியாஸுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். நான் பாய் பக்கத்தில் போய் நின்றேன்.

"சொல்லலையா பாய்?"

"இன்னும் மூணு வாரம்தான் இருப்பான். போனதும் மாத்திடலாம்," என்றார் மெல்லிய குரலில். "அதுவரைக்கும் அவன் எங்க எடுத்துட்டுப் போனாலும் நானும் கூடப் போறேன். எண்பதைத் தாண்ட விடமாட்டேன். நீங்க கவலப்படாதீங்க."

"இது சரியா வராது பாய். நான் சொல்லவா?"

அவர் என் கையைப் பிடித்தார். அவ்வளவுதான் செய்தார். ரியாஸ் உள்ளே வந்ததும் விட்டுவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

"எல்லாம் ஓகேயாண்ணே?" என்றார் ரியாஸ்.

நேருக்கு நேராக நின்று கேட்டார். என் தொழிலில் ஒருவர் என்னிடம் கேட்கக்கூடிய ஒரே முக்கியமான கேள்வி அது.

"ஓகே தம்பி. ரோடு சரியில்ல, மெதுவாப் போங்க."

"நீங்களும் அத்தா மாதிரியே பேசுறீங்களே," என்று சிரித்தார். பாயும் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று பேரும் சிரித்துக்கொண்டு நின்றோம், அதில் ஒருவருக்கு மட்டும் எதற்கு என்று தெரியாது.

மதகு

அடுத்த வாரம் வண்டி இழுக்கும் லாரிக்காரர் ஒருவர் டயர் மாற்ற வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னார். மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவில் ஒரு ரெண்டு சீட்டு வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது. பின்சக்கரம் பிளந்து ஒரே நொடியில் காற்று முழுக்கப் போயிருக்கிறது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் மதகுச் சுவரில் மோதியிருக்கிறது. ஓட்டிய பையனுக்குக் கை முறிவு. பக்கத்தில் இருந்தவர் மறுநாள் விடியற்காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டார். "பெரியவர். அவரு அப்பாவாம்," என்றார்.

நான் கேட்டுக்கொண்டே நட்டு முறுக்கினேன். ஒரே நட்டைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவர்தான் நிறுத்தினார்.

துக்க வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையம் வரை போனேன், மன்னார்குடி பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். துக்கம்தான் போகவிடவில்லை என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். பயமும்தான். போலீஸ் வந்து கேட்குமோ என்ற பயம். இரண்டும் ஒரே வயிற்றில்தான் இருந்தது, எது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. போலீஸ் வரவில்லை.

சென்னையில் சொல்லிவைத்த புதுச் சக்கரம், சொன்னபடி ஆறாவது வாரம் வந்து சேர்ந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் கம்ப்ரசர் அறையில் வைத்தேன்.

கடிதம் கேட்டு வந்தவர்

நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து ரியாஸ் வந்தார். கையில் கட்டு இன்னும் இருந்தது. லீவை நீட்டித்திருந்தார். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, அவருடைய அத்தாவின் சாயல் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

போனில் ஒரு படத்தைக் காட்டினார். பிளந்த சக்கரம். ஒட்டிய கோட்டுக்குப் பக்கத்திலேயே, சூடுபட்ட இடத்தில் விட்டிருந்தது.

"இதுல ஏற்கெனவே வெல்டிங் பண்ணியிருக்குன்னு சொல்றாங்கண்ணே. எனக்கு வண்டிய வித்தவன் ஏமாத்திட்டான். ஒட்டின சக்கரத்தைத் தலையில கட்டிட்டான். சென்னையில கேஸ் போடப் போறேன். அவனை விடமாட்டேன்." போனை மேசையில் வைத்தார். "நீங்கதான் கடைசியாப் பாத்தீங்க. பழைய வெல்டிங் இருந்துச்சு, நாள்பட்டதுன்னு ஒரு லெட்டர் மட்டும் குடுங்க."

கடையின் லெட்டர்ஹெட் என் முன்னால்தான் இருந்தது. இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நான் தப்பிவிடுவேன், பாயின் ரகசியமும் அவரோடு போய்விடும். சென்னையில் முகம் தெரியாத ஒருவர் மாட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

ரியாஸ் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். "இந்தத் தடவை அத்தா என்னை விடவே இல்லண்ணே. முடி வெட்டப் போனாக்கூட வந்து வண்டியில உக்காந்துடுவாங்க. நான் என்ன சின்னப் பிள்ளையான்னு ஒரு நாள் கத்திட்டேன். அப்பவும் எறங்கல. போகப் போறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் கூடவே இருந்திருக்காங்கன்னு அம்மா சொல்றாங்க. அதைச் சொல்லித்தான் அம்மா தூங்குறாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் ஸ்பீடாவும் போகலண்ணே. எழுபதுதான். அத்தா மீட்டரையே பாத்துக்கிட்டு வருவாங்க. எழுபதைத் தாண்டினா என் முழங்கால்ல தட்டுவாங்க."

நான் எண்பது என்று சொன்னேன். அவர் அதிலும் பத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஓட்டித்தான் இருபத்திரண்டு வருடம் கீறல் இல்லாமல் கழித்திருப்பார்.

அந்த எண்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அறுபது என்றால் மனிதர் பயந்துவிடுவார், நூறு என்றால் எனக்குப் பயம். நடுவில் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொன்னேன். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் மகன் பக்கத்தில் உட்கார்ந்து மீட்டரைக் காவல் காத்திருக்கிறார்.

"லெட்டர் தர முடியாது தம்பி," என்றேன். "அதை ஒட்டினது நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். திருவாரூர் ரோடு, கல், பஸ்ஸில் சக்கரம் கொண்டுவந்தது, சாக்பீஸ் பொடியில் வந்த கோடு, எண்பது. அன்றைக்குக் கடையில் நாங்கள் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி நடித்ததையும், அவர் வெளியே போன் பேசியபோது நாங்கள் பேசிக்கொண்டதையும் சொன்னேன். எனக்கு வேண்டியபடி எதையும் மாற்றவில்லை.  அடித்தால் வாங்கிக்கொள்வது என்று நின்றேன்.

மேசையிலிருந்த போனை எடுத்து அந்தப் படத்தை அணைத்தார். "சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். தெருமுனையத் தாண்டாதீங்கன்னு சொன்னேன்ல, ஏன் எடுத்தீங்கன்னு கத்தியிருப்பேன். ஒரு நாள் கத்தியிருப்பேன். அவ்வளவுதானேண்ணே."



எழுந்துபோய்க் குழாயடியில் ஒற்றைக் கையால் முகம் கழுவினார். போய்விடுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"இது மாதிரி வேற யாருக்காவது ஒட்டிக் குடுத்திருக்கீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"மூணு பேருக்கு," என்றேன்.

"அவங்க வண்டி ஓடிக்கிட்டு இருக்கா?"

"இருக்கு."

"நம்பர் இருக்கா?"

"இருக்கு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்தார். "பண்ணுங்க. மூணு பேருக்கும் நீங்களே சொல்லுங்க. நான் கேக்கணும்."

முதலாமவர் கும்பகோணத்தில் வாத்தியார். மணி நீளமாக அடித்தது. எடுத்தபோது காற்றுச் சத்தமும் ஹாரனும் கேட்டன. பின்னால் பிள்ளைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்க, வேளாங்கண்ணி போயிக்கிட்டு இருக்கோம். என்ன விஷயம்?" என்றார்.

"சார், வண்டிய ஓரமா நிறுத்துங்க," என்றேன்.

"எதுக்கு?"

"நிறுத்துங்க சார். எல்லாரையும் எறக்கி விடுங்க. அப்புறம் சொல்றேன்."

ரியாஸ் என் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ஜின் அணையும் சத்தமும், ஒவ்வொன்றாகக் கதவுகள் திறக்கும் சத்தமும் கேட்கும் வரை இருவரும் காத்திருந்தோம்.